பேர் பதிந்த வீடு: மலையகத் தோட்டங்களில் குடும்பமும் பிள்ளைகளின் படிப்பும்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பழைய சேர்வு இடாப்பைப் புரட்டினால், தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே விடைதான் இருக்கும்: தோட்டத் தொழிலாளி. எப்போதாவது ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு டிரைவர், ஒரு கிளாக்கர் தலைகாட்டுவார்கள். எழுதியவருக்கே அலுத்துப்போய் மேலே உள்ளதே என்று இரண்டு கோடு போட்டுவிட்டு நகர்ந்த பக்கங்களும் உண்டு. குடும்பப் பின்னணி பிள்ளையின் படிப்பை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று உலகம் அறுபது ஆண்டுகளாக ஆராய்கிறது. குடும்பங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டால்தான் அந்த ஆராய்ச்சி ஓடும். எல்லாருக்கும் ஒரே தொழில், ஒரே சம்பளம், ஒரே அளவு அறை என்று வகுத்துவிட்ட ஓர் இடத்தில் அந்தக் கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து கேட்பது?

முதலில் உலகத்து விடைகளைப் பார்த்துவிடலாம். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஒரு பெரும் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களைச் சோதித்த அந்த ஆய்வு, பாடசாலைக் கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிட வீட்டுப் பின்னணியே பிள்ளையின் அடைவை அதிகம் தீர்மானிக்கிறது என்று சொல்லிப் பலரைத் திடுக்கிட வைத்தது. பிரான்சில் பியர் பூர்தியு, படித்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்கு வரும்போதே அதன் பேச்சையும் பழக்கத்தையும் சுமந்துகொண்டு வருகிறது, பாடசாலை அதைத் திறமை என்று பெயரிட்டுப் பரிசளிக்கிறது என்றார். 1983இல் ஹேனிமன், லொக்ஸ்லி இருவரும் 29 நாடுகளின் தரவுகளை வைத்து இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். நாடு ஏழையாக இருக்க இருக்க வீட்டின் பங்கு குறைகிறது. நல்ல ஆசிரியரும் நல்ல பாடசாலையும் கூடுதலான வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் முடிவு.

மலையகத்துக்கு இந்த இரண்டு விடைகளும் பொருந்துகின்றன, ஆனால் வேறு வேறு காலங்களில். ஏறக்குறைய 1980 வரை லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேலே பெரும்பாலும் பாதையே இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் இருந்த வேறுபாடு படிப்பில் தெரிய வழியும் இல்லை. பாடசாலைகள் அரசின் கைக்கு வந்து, உயர்தரம் வரை ஒரு வழி திறந்த பிறகே குடும்பம் கணக்கில் வரத் தொடங்கியது. அப்படி வந்தபோதும் பெற்றோரின் ஆசையோ அக்கறையோ பெரிதாக நின்று தீர்மானிக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வீட்டையும் நேரத்தையும் தோட்டம் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதே தீர்மானித்தது. இன்றும் அதுவே தீர்மானிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

தோட்டத்துக் குடும்பம் என்பதே தேயிலை உண்டாக்கியது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குப் பருவத்துக்கு வந்து பழம் பறித்துவிட்டுப் போகும் ஆண்கள் போதுமாக இருந்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி சரியத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், விரல் வேகம் வேண்டும், ஆள் தோட்டத்திலேயே கிடக்க வேண்டும். அதனால் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து பெண்சாதி பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் போட்டது 1984இல்தான்.

பிள்ளைக்கே சம்பளக் கணக்கு இருந்த இடத்தில் பாடசாலைக்கு என்ன வேலை? 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தர வேண்டியது தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் பொறுப்பு என்றது. பத்து வயதோடு படிப்பு முடிந்தது, மலைக்கு ஏறலாம் என்பதே அதன் உட்பொருள். பாடசாலை என்று சொன்னது பல இடங்களில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒரே அறையில். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது நாட்டின் கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியேதான் நின்றன.

அந்தக் காலத்திலும் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மடகும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பெரிய கங்காணிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹட்டனிலும் பிறகு கொழும்பு நாலந்தாவிலும் படிக்க முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூலியாக வந்து, கங்காணியாகி, றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மகன் கம்பளை சென் அன்றூஸ் கல்லூரியில் படித்தார். தோட்டத்தில் அன்று இருந்த ஒரே ஏணி கங்காணித்தனம். தலைக்கு இத்தனை சதம் என்று ஆட்களின் பேரில் கிடைத்த காசு, அந்த ஆட்களின் பிள்ளைகள் போக முடியாத பாடசாலைக்குத் தன் பிள்ளையை அனுப்ப உதவியது. பின்னாளில் அந்தப் பிள்ளைகளிற் சிலர் தொழிலாளிக்காகவே வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, படிப்பின் பயனையே அறுத்துவிட்டது. அரச வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அது இல்லாதவன் பத்தாம் வகுப்புப் படித்தாலும் திரும்பி வர வேண்டியது காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குத்தான். தோட்டத்துச் சனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அக்காலத்து அறிக்கைகள் சலித்துக்கொள்கின்றன. விளையாத நிலத்தில் விதை போட மறுத்தவனை அக்கறை இல்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. பாஸ்போர்ட் எப்போது வரும், எந்த மாதம் தலைமன்னாரில் கப்பல் ஏறுவது என்று காத்திருந்த வீட்டில் யார் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனார்கள்? நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முற்றாகத் தீர்ந்தது 2003இல். இன்று உயர்தரம் எழுதும் பிள்ளையின் அப்பாயியோ அம்மாயியோ நாடற்றவராக வாழ்ந்தவர்தான்.

காணிச் சீர்திருத்தத்தில் 1972, 1975இல் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. பாடசாலைகள் 1977க்குப் பிறகு படிப்படியாக வந்தன. சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவானது. அதற்கு முன்பே ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் 1960களில் ஒரு தலைமுறையை எழுப்பிவிட்டிருந்தார்கள். கல்வி ஆய்வாளர் அஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட நூல் இந்த நெடுங்கதையை விரிவாகச் சொல்கிறது, பேராசிரியர் சோ. சந்திரசேகரன், தை. தனராஜ் போன்ற மலையகக் கல்வியாளர்கள் தமிழில் இதை எழுதி வந்திருக்கிறார்கள். ஹேனிமன் சொன்னது இங்கே கண் முன்னே நடந்தது. பெற்றோரின் படிப்பு கூடவில்லை, சம்பளம் பெரிதாக ஏறவில்லை. பாடசாலையும் வாத்தியாரும் வந்தவுடன் பிள்ளைகள் படித்தார்கள். அக்கறையின்மை என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

அதன் பிறகு வேகம் ஏன் தளர்ந்தது என்பதற்குத்தான் லயத்துக்குள் போக வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. பழைய லயத்து வீட்டின் அளவு இவ்வளவுதான். இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறையாக்கிக்கொண்டவர்கள் பலர். மாமியார், மருமகள், கட்டாத கொழுந்தன், மூன்று பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாத லயங்களில், ஒரு வீட்டு டிவியில் நாடகம் ஓடினால் ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கேட்கலாம். உயர்தரப் பிள்ளைகள் பலர் எல்லாரும் தூங்கிய பிறகு பத்து மணிக்கு மேல் புத்தகத்தை விரிக்கிறார்கள், அல்லது விடியற்காலையில் அம்மா அடுப்பு மூட்டும்போதே எழும்புகிறார்கள்.

அந்த அம்மாவின் நாள் நாலரைக்குத் தொடங்கும். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, காலையில் மலையில் நிற்க வேண்டும். இத்தனை கிலோ எடுத்தால்தான் முழு நாள் சம்பளம் என்ற பேர், குறைந்தால் அரைப்பேர். மாலையில் கடைசி நிறுவை முடிந்து இறங்கினால் விறகு, சமையல், துணி. படிப்பிப்பதற்கு அவளுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வேண்டும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஏறியது. விலைவாசி அதற்குள் எங்கேயோ போய்விட்டது. அதைவிட, சம்பளம் ஏறும்போதெல்லாம் எடுக்க வேண்டிய கிலோவும் ஏறுகிறது என்பது தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் புகார். பிள்ளையின் பார்வையிலிருந்து பார்த்தால் ஏறிய ஒவ்வொரு கிலோவும் அம்மாவின் நேரத்திலிருந்து கழிந்ததுதான்.

அம்மாவின் இந்த நேரப் பஞ்சம் பிள்ளையின் உடம்பில் நேரடியாகத் தெரிகிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் 32 வீதம். பத்து வருடம் முந்திய ஆய்வில் தோட்டத்துறைக்கு அது 40 வீதமாக இருந்தது, ஆகவே குறைந்துதான் வருகிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை. உயரம் குறைந்த பிள்ளை என்பது வெறும் உயரக் கணக்கு இல்லை; முதல் ஆயிரம் நாளில் உடம்பு வளராதபோது கவனமும் நினைவும் பேச்சும் கூடப் பின்தங்குகின்றன. முதலாம் வகுப்பு ஆசிரியை மெல்லக் கற்கும் பிள்ளை என்று குறித்து வைக்கும்போது, அந்தப் பிள்ளை மலையடிவாரத்திலேயே தோற்று வந்திருக்கிறது.

இதற்கு மருந்து இருக்கிறது என்று காட்டிய பரிசோதனை ஒன்று ஜமேக்காவில் நடந்தது. 1986இல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம், சுகாதார உதவியாளர் ஒருவர் போனார். போத்தல் மூடி, பழைய பெட்டி இவற்றை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, என்ன பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை.

நமது தோட்டங்களில் இதற்கான இடம் ஏற்கெனவே கட்டி நிற்கிறது. பிள்ளைக் காம்பராவை இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார், சுவரில் மிருகப் படங்கள் இருக்கின்றன. ஏணையில் குழந்தையைப் போட்டுவிட்டு வெற்றிலை மென்ற பழைய ஆயா காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். ஆனால் அது இன்னும் அம்மா கொழுந்து எடுக்கும் நேரத்துக்குப் பிள்ளையை வைத்திருக்கும் இடமாகவே நடக்கிறது. மலைக்குப் போகாத தாயின் பிள்ளைக்கு அதில் இடம் இருப்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஜமேக்காவில் பலன் தந்தது தாயும் பிள்ளையும் சேர்ந்து இருந்த நேரம். இங்கே நிலையம் நடப்பதே அவர்களைப் பிரித்து வைக்கும் நேரத்தில்.

படிக்காத வீட்டில் பேச்சு குறைவு, சொல் குறைவு என்று ஒரு கருத்து உண்டு. 1995இல் அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களை வைத்துச் சொன்னது உலகம் முழுவதும் பரவி, இப்போது பலமாக மறுக்கப்பட்டும் இருக்கிறது. லயத்தில் பேச்சுக்கு என்ன குறை? ஒப்பாரியும் காமன்கூத்தும் பொன்னர் சங்கரும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சொல் பஞ்சம் என்று சொல்வது வேடிக்கை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிக்கும்போது, காலை, மதியம், மாலை மூன்று நிறுவையையும் மனசிலேயே கூட்டி வைத்திருக்கும் பெண், கணக்கப்பிள்ளையை அதே இடத்தில் மடக்குவாள். பத்தாம் தேதி சம்பளச் சீட்டு வந்தால் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு என்று நீளும் கழிவுகளை ஏழாம் வகுப்பு மகள் வாசிக்க, அம்மா சரி பார்ப்பாள். வீதக் கணக்கில் அந்த மகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் பாடநூலில் வரும் அப்பா காரியாலயத்துக்குப் போகிறார், அம்மா சந்தையில் மாம்பழம் வாங்குகிறாள்; வினாத்தாளிலும் அப்படியே. பூர்தியு சொன்னது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. வீட்டில் அறிவு இல்லாமல் இல்லை, பாடசாலை கேட்பது அந்த அறிவை இல்லை.

சாதாரண தரத்தைத் தாண்டினால் தூரம் வந்து மறிக்கிறது. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பெரும்பாலும் நகரங்களில். மஸ்கெலியாவுக்கு மேலே, டயகமவுக்கு உள்ளே இருக்கும் பிள்ளை கணிதமோ உயிரியலோ படிக்க வேண்டுமானால் பஸ் காசு வேண்டும், டியூஷன் காசு வேண்டும், அல்லது ஹட்டனில் தங்க ஓர் உறவு வீடு வேண்டும். அதனால் கலைப்பிரிவு. ஆசை எது என்று யாரும் கேட்பதில்லை. பஸ் எது வரை போகிறது என்பதே பாடத்தைத் தெரிவு செய்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆனால் சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. நகரத்து வியாபாரியின் மகனும் லயத்து மகளும் ஒரே வெட்டுப்புள்ளியில் நிற்கிறார்கள். சலுகையைத் தேடி வெளிமாவட்டத்திலிருந்து வந்து பரீட்சை எழுதுபவர்கள் பற்றிய முறைப்பாடு பல வருடமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரே மாதிரித் தெரிந்த குடும்பங்கள் பிரியத் தொடங்குகின்றன. பாதை இருக்கிறது, ஆனால் ஒடுக்கமானது. அதில் நுழையச் சின்னச் சின்ன வசதிகளே போதும். சித்தி ஒருத்தி ஸ்ரீபாதவில் படித்து ஆசிரியை ஆனவள் என்றால், அந்த வீட்டில் எந்தப் படிவம் எப்போது நிரப்புவது என்று தெரியும். ஆசிரியத் தொழில் மலையகத்தில் சம்பளத்தை மட்டும் கொண்டுவரவில்லை. அரசாங்கத்தின் வழிமுறைகள் முதல் தடவையாக லயத்துக்குள் வந்தது அதன் வழியாகத்தான். அந்தத் தொழிலையும் மலிவாக்கினார்கள் என்பது வேறு கதை: 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள், பிறகு 10,000 ஆக்கினார்கள். பெற்றவர்கள் செலவழித்துப் படிக்கவைத்த பிள்ளை, கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் தம்பியைவிடக் குறைவாகக் கொண்டுவந்த காலம் அது.

தாய் வெளிநாடு போன வீடுகள் பற்றி நிறைய எழுதியாயிற்று. மத்திய கிழக்கிலிருந்து வரும் பணம் டியூஷனுக்கும் ஆகும், வீட்டில் தாய் இல்லாத வெறுமை பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தவும் ஆகும். அம்மாயி நல்ல கட்டுப்பாடானவளாக இருந்தால் முதலாவது நடக்கிறது. தகப்பனின் குடிப் பழக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடிக்கிறான் என்ற ஒரு வார்த்தையோடு விளக்கத்தை முடித்துவிடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது, அதே தகப்பன்மாரின் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை எழுதியவர் சந்தித்ததே இல்லையோ என்று தோன்றும்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேலை செய்வது வீட்டின் மேலுள்ள கட்டு. லயத்து வீடு தொழிலோடு ஒட்டியது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அந்தக் காம்பராவில் தைரியமாக இருக்கலாம். தாய்க்கு அறுபது நெருங்கும்போது வீட்டில் ஒரு பேச்சு எழும்: அடுத்து யார் பேர் பதிவது? மூன்று பிள்ளைகளில் ஒருத்தி கணிதத்தில் நன்றாகச் செய்கிறாள், மூத்தவன் சாதாரண தரத்தில் இரண்டு பாடம் விட்டவன், நடுவில் ஒரு பெண். மூத்தவன் கொழும்புக் கடைக்குப் போய்விட்டால் நடுவில் உள்ளவள் கூடையைக் கட்டுவாள். அவள் கட்டியதால்தான் சின்னவள் ஹட்டனுக்குப் போகிறாள். ஒரு பிள்ளை மேலே ஏறுவதற்கு இன்னொரு பிள்ளை செக்ரோலில் நின்றாக வேண்டும். பெற்றோரின் கல்வியை வைத்துப் பிள்ளையின் கல்வியைக் கணிக்கும் ஆய்வுகள் இதைப் பிடிப்பதே இல்லை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அறை. அக்காவும் தங்கையும் இரண்டு வர்க்கம்.

இது இலங்கையின் விசித்திரம் மட்டுமில்லை. கேரளத்து மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் 2015இல் பெம்பிளை ஒருமை என்று பெண்கள் கூலிக்காகத் தெருவில் இறங்கியபோதும், 2020 ஆகஸ்ட்டில் அங்கே பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து எழுபது பேர் இறந்தபோதும் இதே கதை வெளியே வந்தது. எழுத்தறிவில் இந்தியாவின் முன்வரிசையில் நிற்கும் கேரளத்தில், பாடசாலைக்குக் குறைவில்லாத இடத்தில்கூட, வேலை ஓய்வு பெற்றால் லயத்தை விட வேண்டும் என்பதால் ஒரு பிள்ளை தோட்டத்தில் சேர்கிறது. பாடசாலை மட்டும் போதாது என்பதற்கு மூணாறைவிட நல்ல சாட்சி இல்லை.

வீட்டோடு சேர்ந்த இன்னொரு குறை முகவரி. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் பல தோட்டங்களில் கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்த அழைப்புக் கடிதத்தின் கதை இல்லாத தோட்டம் குறைவு.

தோட்டத்தை விட்டுப் போவதும் உயர்வதும் ஒன்றில்லை. புறக்கோட்டைக் கடைகளிலும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளிலும் நிற்கும் இளைஞர்கள் தோட்டத்தை விட்டவர்கள். சம்பளம் சற்றுக் கூடுதல், ஆனால் தொழிலின் அந்தஸ்து அதிகம் மாறவில்லை. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளின் கதை அதைவிட மோசம். 2009இல் மஸ்கெலியாப் பக்கத்துச் சிறுமிகள் இருவர் கொழும்பில் கால்வாய் ஒன்றில் சடலமாகக் கிடந்தார்கள். 2021இல் டயகமச் சிறுமி ஒருத்தி வேலை செய்த வீட்டில் தீக்காயமடைந்து இறந்தாள். இந்த இரண்டாவது மரணம் நடந்தது, கட்டாயக் கல்வி வயதை 2016இலேயே பதினாறாக உயர்த்திவிட்ட நாட்டில்.

உண்மையில் உயர்ந்தவர்கள் புள்ளிவிபரத்தில் தோட்டக்காரர்களாக இருப்பதில்லை. தோட்டத்துறை என்று எண்ணப்படுபவர்கள் தோட்டத்தில் குடியிருப்பவர்கள். ஆசிரியையாகிக் கொட்டகலையில் வாடகைக்குப் போனவள் அடுத்த கணக்கெடுப்பில் வேறு துறை ஆகிவிடுவாள். 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம் என்ற கணக்கு எஞ்சி இருப்பவர்களின் கணக்கு. ஏறியவர்களின் எண்ணிக்கை அதில் மறைந்துபோகிறது. ஆகவே மலையகம் அசையவே இல்லை என்ற தோற்றமும், எல்லாம் மாறிவிட்டது என்ற மேடைப் பேச்சும் ஒரே சமயத்தில் உலவுகின்றன. முதலாவது பொய். இரண்டாவதும் பொய்.

என்ன செய்யலாம் என்பதில் கல்வி முதலா, காணி முதலா என்று ஒரு விவாதம் உண்டு. என் கணக்கில் காணி முதல். 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்தோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு, ஒரு கதவு, ஓர் இலக்கம். உறுதிப்பத்திரத்தோடு அந்த வீடு கிடைத்த குடும்பத்தில் யார் பேர் பதிவது என்ற பேச்சுக்கு அவசியமில்லை. ஒரு பிள்ளையைச் செக்ரோலில் கட்டி வைத்தால்தான் இன்னொன்றைப் படிக்க வைக்கலாம் என்ற கணக்கு அங்கே முறிகிறது. லயத்துக்குள் புது டியூஷன் வகுப்பும் ஸ்மார்ட் பலகையும் கொண்டுவரும் திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. அவை நடுப்பெண்ணைக் கூடையிலிருந்து விடுவிக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டைத் தொழிலிலிருந்து பிரித்தால் கொழுந்து எடுக்க ஆள் வராது என்பது இன்று தோட்டங்களை நடத்தும் கம்பனிகளின் பழைய வாதம். வீடு தொழிலோடு கட்டிப்போட்டிருந்தும் இளைஞர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அதை உணர்ந்து சில கம்பனிகள் இப்போது வேறு வழி பார்க்கின்றன: தேயிலைச் செடிகளில் ஒரு பங்கைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, அவர்களே பராமரித்துக் கொழுந்தைக் கிலோ விலைக்குத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறை. நேரக் கட்டுப்பாடு இல்லை, பிள்ளை பாடசாலையிலிருந்து வரும்போது அம்மா வீட்டில் இருக்கலாம், வருமானம் கூடலாம் என்று அதை வரவேற்பவர்கள் உண்டு. நானும் முழுதாக எதிர்க்கவில்லை. ஆனால் கிலோவுக்குத்தான் காசு என்றால் எத்தனை கை எடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். செக்ரோலில் பிள்ளையின் பேர் இல்லாமல் போகப் பல தசாப்தங்கள் ஆயின. புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தகப்பன். புலமைப்பரிசில் வருடத்துப் பிள்ளை சனி, ஞாயிறு எந்த மலையில் நிற்கும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. சங்கங்கள் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கிலோ விலையோடு சேர்த்துக் கேட்க வேண்டியது அதைத்தான்.